மூன்றில் ஒரு பங்கு

கோடிக்கழியில் பாக்கியத்தின் பசு முந்தாநாள் மழையில் செத்து, நேற்றுப் புதைபட்டு, இன்றைக்குச் சாயங்காலம் பால் கறக்கிற நேரத்துக்குச் சரியாகத் திரும்பி வந்து கட்டுத்தறியில் நின்றபோது, ஊரில் ஒருத்தர்கூட வாயைப் பிளக்கவில்லை. பாக்கியம் சொம்பைக் கழுவிக்கொண்டு போய்க் குந்தி ஒன்றரைப் படி கறந்தாள், வழக்கமாக வாங்குகிறவர்கள் வழக்கம்போல வந்து வாங்கிப்போனார்கள், குழி வெட்டிய இரண்டு பேர் மட்டும் வந்து நின்று, இவ்வளவு ஆழமாக வெட்டிய குழியை இனிமேல் என்ன செய்வது என்று கேட்க, "ஒரு தென்னம்பிள்ளைய வெச்சு மூடுங்கய்யா, இதெல்லாமா என்கிட்ட கேப்பீங்க" என்று பாக்கியம் சலித்துக்கொண்டாள். அவ்வளவுதான். மாடு வந்துவிட்டது, பால் இருக்கிறது, காப்பி போடலாம். ஊர் முழுக்க நிம்மதியாகக் காப்பி குடித்த அந்தச் சாயங்காலத்தில் அடிவயிறு பற்றிக்கொண்டு எரிந்தவள் ஒரே ஒருத்தி, அவள் பெயர் தில்லைநாயகி.

ஏன் எரிந்தாள் என்பதற்கு ஐஸ் கம்பெனி மாடிக்குப் போகவேண்டும். அந்த மாடியில் ஒரே ஒரு அறை, அந்த அறையில் மீனவர்களுக்கான சமுதாய வானொலி; கடலில் இருக்கிறவனுக்குப் புயல் செய்தி சொல்லவேண்டும், ஆனால் ஒரு நிமிஷத்துக்குமேல் சொன்னால் அவன் எஞ்சின் சத்தத்தில் கேட்கமாட்டான், ஆகவே மழை, வெள்ளம், புயல், நிலச்சரிவு என்று பேப்பரில் பக்கம் பக்கமாக வருகிற செய்தியைச் சுருக்கி எழுதத் தெரிந்த ஒரு ஆள் வேண்டும் என்று முடிவாகி, பேப்பர் ஆபீசில் இருபது வருஷம் சிவப்புப் பேனா பிடித்த அன்வர்தீன் என்கிறவர் டவுனிலிருந்து வாரம் இரண்டு நாள் பஸ்ஸில் வந்து வகுப்பெடுத்தார். ஐந்து பேர் சேர்ந்தார்கள். யார் நன்றாக எழுதுகிறார்களோ அவருக்கு வானொலியில் எழுத்தர் வேலை.

அந்த வேலை தனக்குத்தான் என்று தில்லைநாயகி முதல் நாளே முடிவுகட்டிவிட்டாள், கட்டியதிலும் தப்பில்லை, ஏனென்றால் அவள் தபால் வழியில் பி.ஏ. தமிழ் படித்தவள், கல்யாணமாகிப் பதினொரு வருஷமாக அந்தப் படிப்பை மீன்கூடையும் அடுப்பும் தவிர வேறெங்கும் காட்டமுடியாமல் உள்ளே வைத்துப் புழுங்கியவள், அவள் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். புருஷன் கலியபெருமாள் அடுத்தவர் படகில் கூலிக்குப் போகிறவர், "போயேன், யார் வேண்டாங்கறது" என்றுவிட்டார். வம்பு எங்கே வந்தது என்றால், கலியபெருமாளின் தம்பி அரியநாயகத்தின் பெண்டாட்டி, ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் சமைக்கிற ஓரகத்தி, சந்தனமாரி என்கிற இருபத்தேழு வயசுப் பெண், எட்டாம் வகுப்போடு நின்றவள், "வீட்ல தனியா ஒக்காந்து என்ன பண்றது, நானும் வரேன்க்கா" என்று செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். "வாயேன்" என்றாள் தில்லைநாயகி. அந்த ஒரு சொல்லை அப்புறம் எத்தனை தடவை நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டாள் என்பது அவள் நாக்குக்குத்தான் தெரியும்.

அன்வர்தீன் சொல்லிக்கொடுத்தது எல்லாம் ஒரு பலகையில் அடங்கும். இரண்டு தடவை படி. யாருக்கு, எங்கே, எப்போது, எவ்வளவு என்பதற்கு அடியில் கோடு போடு. வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது, கோரத்தாண்டவம் ஆடியது, வரலாறு காணாத மழை, இந்த மாதிரிச் சரக்கையெல்லாம் முதலில் வெட்டித்தள்ளு. பேப்பரில் இல்லாததைச் சேர்க்காதே. கடைசியாகச் சொற்களை எண்ணு, மூன்றில் ஒரு பங்குக்கு ஒரு சொல் கூடினாலும் அது சுருக்கம் இல்லை, குறைந்து ஒன்றுமில்லாமல் போனாலும் சுருக்கம் இல்லை. "மூணுல ஒண்ணு இருந்தே ஆகணும்மா. பாக்கி ரெண்டு பங்குல எதை விடறதுங்கறதுதான் இந்த வேலையே" என்பார், சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிப்பார்.

கோடிக்கழிப் பக்கம் வருகிற நிருபர் ஒருத்தர் உண்டு, ஆட்டுக்குட்டி நனைந்தால்கூட ஆட்டுக்குட்டி யாருடையது, என்ன நிறம் என்று எழுதிவிடுவார், அத்தனை விஸ்தாரம். பசு செத்த அந்த மழையைப் பற்றி அவர் எழுதியதைத்தான் அன்வர்தீன் பயிற்சிக்குக் கொடுத்தார். பாக்கியத்தின் பசு செத்தது, ராயப்பனின் வலை கடலில் போனது, பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர் விழுந்தது, கலியபெருமாள் வீட்டு அடுப்படிக் கூரை பிய்ந்தது, இன்னும் என்னென்னவோ. தில்லைநாயகி தன் வீட்டு அடுப்படியை ஒரு கோட்டில் அடித்துத் தள்ளி, பசுவையும் தள்ளி, வலையையும் சுவரையும் வைத்து, எண்ணி முடித்தால் சொல் சரியாக மூன்றில் ஒரு பங்கு. அன்வர்தீன் அதை வாய்விட்டுப் படித்து, "இதுதான் சுருக்கம்" என்று பலகையில் ஒட்டினார். சந்தனமாரியின் தாளில் பதினொரு பிழை. அவளும் பசுவை விட்டுவிட்டாள், வலையையும் விட்டுவிட்டாள், பள்ளிக்கூடத்துச் சுவரையும் தங்கள் வீட்டு அடுப்படியையும் மட்டும் வைத்திருந்தாள். "ஏம்மா வலையை விட்ட?" என்று கேட்டதற்கு, "பாவம் சார், அவரே அழுதுக்கிட்டு இருக்காரு, அதை வேற ரேடியோல சொல்லணுமா" என்றாள், எல்லோரும் சிரித்தார்கள், தில்லைநாயகி எல்லோரையும்விடக் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தாள்.

சாயங்காலம் பசு வந்தது. ராயப்பன் வீட்டு முளைக்குச்சியில் வலை ஒரு கண் அறுந்துபோகாமல் தொங்கியது. பள்ளிக்கூடத்துச் சுவர் விழுந்தது விழுந்தபடியே கிடந்தது, அடுப்படிக் கூரை பிய்ந்தது பிய்ந்தபடியே இருந்தது. அன்வர்தீன் ஐந்து தாளையும் பரப்பி வைத்துப் பார்த்தார். சந்தனமாரி எழுதியதெல்லாம் நடந்ததாக இருக்கிறது, அவள் விட்டதெல்லாம் நடக்காததாகிவிட்டது. "நானுந்தான் மாட்டை விட்டேன்!" என்று தில்லைநாயகி மன்றாடினாள். "நீங்க வலையை வெச்சிருக்கீங்களேம்மா, அது வந்துடுச்சே" என்று அவர் சாந்தமாகச் சொன்னார். கணக்கு அவள் பக்கம் இல்லை.

இரண்டாவது மழையில் ஒன்றும் பலிக்கவில்லை. சந்தனமாரி எழுதினாள், சாயங்காலம்வரை ஊர் காத்திருந்தது, ஒரு கோழிகூட உயிரோடு வரவில்லை. தில்லைநாயகிக்கு அந்த மூன்று நாள் சோறு தித்தித்தது, ஓரகத்தியின் முதுகைத் தட்டி, "போவட்டும்டி, எல்லாருக்கும் எல்லாமா வாய்ச்சுடும்" என்று ஆறுதல்கூடச் சொன்னாள், அப்படியொரு பெருந்தன்மை. மூன்றாவது மழையில் மறுபடி பலித்தது. அதற்கப்புறம் தப்பவே இல்லை.

இப்போது ஊரைப் பாருங்கள். ஒரு அதிசயம் வீட்டுக்கு வந்தால் அதற்கும் ஒரு தடுக்கைப் போட்டு உட்காரவைத்து, நீ எந்த வேலைக்கு ஆவாய் என்று கேட்கிற ஜனங்கள் இவர்கள். பேப்பரில் வந்ததைத்தானே விடமுடியும், வராததை எப்படி விடுவது, ஆகவே மழை ஓய்ந்ததும் நிருபரை எதிர்கொண்டு கூட்டிவந்து, வஞ்சிரம் வறுத்துப்போட்டு, "எங்க வீட்டு ஓட்டைய மறந்துடாதீங்க சார், ரெண்டு ஓடு, கிழக்குப் பக்கம்" என்று எழுதவைத்தார்கள். நிருபருக்கு ஒரே வருஷத்தில் தொந்தி விழுந்தது. ஆளாளுக்கு என்னை விடு, என்னை விடு என்று சந்தனமாரி வாசலில் வந்து நிற்க, மூன்றில் ஒரு பங்கு இருந்தே ஆகவேண்டும் என்பதால் ஊர்ப் பஞ்சாயத்துக் கூடி முறை வைத்தது: இந்த மழைக்கு எவன் நஷ்டம் உள்ளே இருக்கிறதோ அவன் அடுத்த மழைக்கு வெளியே, வெளியே இருந்தவன் முகத்தைத் தூக்காமல் உள்ளே வரவேண்டும். உள்ளே இருப்பவர்களுக்குச் சர்க்கார் தார்ப்பாய் கிடைக்கும், வெளியே இருப்பவர்களுக்கு அவரவர் வீடே கிடைக்கும். வி.ஏ.ஓ. பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு சேதம் பார்க்க வந்து, முழுசாக நிற்கிற வீடுகளைப் பார்த்துத் தலையைச் சொறிந்து, கடைசியில் பேப்பரைத் தூக்கிப்போட்டுவிட்டுச் சந்தனமாரியின் தாளையே வாங்கிக்கொண்டு போக ஆரம்பித்தார். பெண் கேட்டு வருகிறவர்கள்கூட, "இந்த வருஷம் நீங்க உள்ளயா, வெளியவா" என்று விசாரித்துவிட்டுத்தான் தாம்பூலத்தில் கை வைத்தார்கள்.

பழைய புயல்களில் போனவர்களின் பேப்பர் துண்டுகளை மடித்து மடித்து மடிப்பே கிழிந்துபோன நிலையில் சில பேர் கொண்டுவந்தார்கள். சந்தனமாரி அவற்றையும் எழுதிப்பார்த்தாள். நடக்கவில்லை. அன்றன்றைய பேப்பர், மறுநாள் பேப்பர் பஸ்ஸிலிருந்து இறங்குவதற்குள் எழுதினால்தான் உண்டு. அவர்கள் துண்டுகளைத் திருப்பி வாங்கி மடித்து வைத்துக்கொண்டு போனார்கள், அவள் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

எழுத்தர் வேலை யாருக்குப் போயிற்று என்று சொல்லவும் வேண்டுமா. ஊரே நின்று சந்தனமாரிக்கென்று கேட்டது. அன்வர்தீன் தர்மசங்கடப்பட்டு, ஒரு வழி கண்டுபிடித்தார்: எழுத்தர் சந்தனமாரி, பிழை திருத்துபவர் தில்லைநாயகி. பி.ஏ. படித்தவள் எட்டாம் வகுப்புக்காரியின் தாளை வாங்கி, ஒற்று போட்டு, கொம்பு போட்டு, காலை நீட்டிவிட்டு, நல்ல கையெழுத்தில் பிரதி எடுத்துத் தரவேண்டும். ஜனங்கள் பிழையுள்ள தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள், பிரதி சுவரில் தொங்கியது. "சுருக்கத்தாயி" என்று சந்தனமாரிக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். குழாயடியில் அவளுக்கு முதல் குடம். மீன் இறங்கினால் நல்ல இறால் அவள் முந்தானைக்கு. தில்லைநாயகியை யாராவது விசாரித்தால், "சுருக்கத்தாயிக்கு ஓரகத்தி வேணும்ல, அந்தம்மா" என்று அடையாளம் சொன்னார்கள்.

தில்லைநாயகி என்ன செய்வாள்? எரிந்தாள். அரிசி களையும்போது எரிந்தாள், தலை வாரும்போது எரிந்தாள், அந்தப் பெண் தூங்கும்போது அவள் வலது கையைப் பார்த்து எரிந்தாள். ஒடிசலான கை, நகத்தில் மஞ்சள், நடுவிரலில் பேனா அழுத்திய காய்ப்பு, இதில் என்ன இருக்கிறது, இதில் இருப்பது என் கையில் ஏன் இல்லை என்று பார்த்துப் பார்த்து எரிந்தாள். திருட்டுத்தனமாகத் தானும் எழுதிப்பார்த்தாள், காலண்டர் தாளின் பின்பக்கம், மளிகைக் கடைப் பொட்டலக் காகிதம், எழுதாத காகிதம் இல்லை; ஒவ்வொரு தடவையும் முதல் காரியமாகத் தன் வீட்டு அடுப்படியை அடித்துத் தள்ளிவிட்டு, மிச்சத்தில் சொல்லை எண்ணி எண்ணிப் பொறுக்கி, ஒரு சொல் கூடாமல் குறையாமல், எந்தப் பரீட்சையிலும் நூற்றுக்கு நூறு வாங்குகிற சுருக்கங்களாக எழுதினாள். ஒரு வைக்கோல்கூட அசையவில்லை.

அவளை எல்லாவற்றையும்விடச் சுட்டது அந்த அடுப்படிதான். ஊருக்கெல்லாம் முறை வைத்து வெளியே விடுகிற சந்தனமாரி, சொந்த வீட்டு அடுப்படியை மட்டும் ஒவ்வொரு தடவையும் உள்ளே வைத்தாள். நிருபரும் விடாமல் எழுதினார், அவளும் விடாமல் வைத்தாள். கூரையில் முறம் அளவு இருந்த ஓட்டை ஜமக்காளம் அளவாயிற்று, மழைத்தண்ணீர் இறங்கி இறங்கி மண்சுவர் ஊறி வயிறு தள்ளியது, தில்லைநாயகியின் டிரங்குப்பெட்டி நனைந்து அதிலிருந்த பட்டச் சான்றிதழில் மை கரைந்தது. தார்ப்பாய் போட்டார்கள், காற்று தூக்கிப்போயிற்று.

"ஊருக்கெல்லாம் கூரை, நமக்கு மட்டும் ஓட்டையா? என்மேல இருக்கற வன்மத்தை அடுப்படிலயாடி காட்டுவ?"

"எடம் பத்தலக்கா" என்பாள் சந்தனமாரி. குனிந்த தலை நிமிராது.

"ஒரு வரிக்கு எடமில்லையா? நான் சுருக்கித் தரட்டுமா?"

சந்தனமாரி தாளை மடித்துக்கொண்டு எழுந்துபோய்விடுவாள். அதைத் திமிர் என்று தில்லைநாயகி எடுத்துக்கொண்டாள்.

கார்த்திகையில் பெரிய புயல் வந்தது. அதைப் பற்றிப் பேப்பரில் எழுதியபோது நிருபர் கோரத்தாண்டவம் என்று எழுதினார், அந்த ஒரு தடவை அன்வர்தீன்கூட அதை வெட்டியிருக்கமாட்டார். புயல் கரையைத் தொடுவதற்கு முன்னால், பகல் பத்து மணிக்கு, ஊர் மொத்தமும் புயல் பாதுகாப்பு மையத்துக்கு மூட்டை கட்டிக்கொண்டிருக்க, அரிசிப்பானை அடுப்படியிலேயே இருக்கிறது என்று ஞாபகம் வந்தது. இரண்டு பேரும் வாசலில் நின்றார்கள். காற்று சேலையை உருவியது.

"நீதானே ஓட்டைய வெச்ச? நீயே போய் எடுத்துட்டு வா" என்றாள் தில்லைநாயகி.

சந்தனமாரி போனாள். ஊறிப்போயிருந்த சுவர் அதுவரை எதற்குக் காத்திருந்ததோ தெரியாது, அப்போது சரிந்தது. உடம்பு தப்பியது, பானையைப் பிடித்திருந்த வலது கை தப்பவில்லை.

ரோடு அடைபடுவதற்குள் டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய்க் கட்டுப்போட்டுக் கொண்டுவந்தார்கள். எலும்பு மாவாகிவிட்டது, உயிருக்கு ஒன்றுமில்லை, ஆனால் இந்தக் கையால் இனி ஒரு கரண்டிகூடப் பிடிக்கமுடியாது என்று டாக்டர் சொன்னதைக் கேட்டபோது தில்லைநாயகிக்குக் கண் இருட்டியது, அந்த இருட்டுக்குள்ளேயே எங்கேயோ ஒரு மூலையில், ஊசிமுனை அளவு, அப்பாடா என்று இருந்தது. அதை அவள் பார்த்துவிட்டாள். பார்க்காத மாதிரி இருந்தாள்.

மூன்றாம் நாள் காலையில்தான் ரோடு திறந்து பேப்பர் வந்தது, அதே பஸ்ஸில் அன்வர்தீனும் வந்தார். நாற்பத்திரண்டு படகுகள் நொறுங்கின, தொண்ணூற்று மூன்று வீடுகள் விழுந்தன, ஆடு மாடு கணக்கில்லை, எச்சரிக்கைக்கு முன்னால் கடலுக்குப் போன நான்கு பேரைக் காணவில்லை. அந்த நான்கு பேரில் ஒருத்தர் பூரணி என்கிறவளின் புருஷன், இன்னொருத்தர் அரியநாயகம், சந்தனமாரியின் புருஷன். ஊர் முழுக்கப் பாதுகாப்பு மையத்தின் கூடத்தில் கூடியது. பாயில் படுத்திருந்த சந்தனமாரியைப் பார்த்தது, கட்டுப்போட்ட கையைப் பார்த்தது, அப்புறம் மெதுவாகத் தில்லைநாயகி பக்கம் திரும்பியது.

"என்னைப் பாக்காதீங்க. என் எழுத்து பலிக்காது. எழுதிப் பாக்கலன்னு நெனச்சீங்களா? நூறு தடவை எழுதியாச்சு" என்று அவள் சொல்லிவிட்டாள், சொன்ன பிறகுதான் அது எப்பேர்ப்பட்ட ஒப்புதல் என்று உறைத்து முகம் சிவந்தது.

சந்தனமாரி இடது கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள்.

"பலிக்கும்க்கா. நம்ம வீட்டு வரிய உள்ள வெச்சு எழுது."

"என்னாடி சொல்ற?"

"எழுதறவளோட நஷ்டம் உள்ள இருக்கணும். அதான் சங்கதி. மொத தடவ, அடுத்தவங்க கஷ்டத்தச் சொல்ல மனசு வராம நம்ம வீட்டு அடுப்படிய வெச்சேன், பலிச்சுது. ரெண்டாவது தடவ நீ திட்டினியேன்னு அடுப்படிய விட்டேன், ஒண்ணும் நடக்கல. அப்பதான் புரிஞ்சுது. அன்னிக்கு உள்ள வெச்சதெல்லாம் அடுத்தவங்க நஷ்டம், அதான் ஆவல. எழுதறவளுக்கு வலிக்கிறது ஒண்ணு உள்ள இருந்தே ஆவணும்."

"இத்தனை நாளா ஏன் சொல்லல?"

சந்தனமாரி கைக்கட்டைப் பார்த்தபடி சொன்னாள்: "சொன்னா நீ எழுதிடுவ. ஒனக்குப் படிப்பு இருக்கு, கையெழுத்து இருக்கு, சார் ஒன் தாளத்தான் ஒட்டுவாரு. எனக்குன்னு இருந்தது இது ஒண்ணுதான்க்கா. ஒன்ன நெனச்சு எனக்கு எப்பவும் வயித்தெரிச்சல்தான்."

இவளும் தில்லைநாயகியை நினைத்து எரிந்திருக்கிறாள்! அன்வர்தீன் பேப்பரை எடுத்து அவர்கள் வீட்டு வரியைத் தேடினார். இந்தத் தடவை, காணாதவர்களில் அரியநாயகத்தின் பெயரைத் தவிர, அவர்கள் வீட்டைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது. அவர் படிக்கும்போது குரல் இறங்கியது: கலியபெருமாள் என்பவரின் வீட்டுச் சுவர் இடிந்ததில் சந்தனமாரி என்பவரின் வலது கை நசுங்கியது.

அந்த வரியை உள்ளே வைத்தால் கை போனது போனதுதான், எந்தக் காலத்திலும் திரும்பாது. வெளியே விட்டால் ஒன்றுமே பலிக்காது, கையும் வராது, நான்கு பேரும் வரமாட்டார்கள். வைக்கவேண்டியதுதான், அதில் யாருக்கும் பேச்சில்லை. பேச்சு வேறு இடத்தில் இருந்தது, அதைப் பூரணி போட்டு உடைத்தாள், புருஷனைக் கடலில் விட்டவளுக்கு என்ன நாகரிகம்.

"அது சந்தனமாரி கையி. போனா அவளுக்கு வலிக்கும். இவளுக்கு எங்கேர்ந்து வலிக்கப்போவுது? குழாயடில இவ பேசாத பேச்சா? அந்தக் கை போவணும்னுதானே இவ பொழுது விடிஞ்சா பொழுது போனா வேண்டிக்கிட்டு இருந்தா?"

ஒருத்தரும் பூரணியை அடக்கவில்லை. தில்லைநாயகி சுற்றிப் பார்த்தாள், தெரியாது என்று நினைத்திருந்ததெல்லாம் ஊருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. சாயங்காலத்துக்குள் நான்கு பேரும் வராவிட்டால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான்: இவளுக்கு வலிக்கவில்லை. காலம் முழுக்க அந்த நான்கு சாவும் அவள் நெற்றியில் ஒட்டியிருக்கும்.

"அவதான் எழுதணும். வேற யாரு இருக்கா" என்றாள் சந்தனமாரி. "எழுதுக்கா."

வீடு போனால் போகிறது, ஆளும் படகும் வந்தால் வீட்டைக் கட்டிக்கொள்ளலாம் என்று ஊர் ஒரே குரலில் சொன்னது. முறை கிறை எல்லாவற்றையும் தள்ளிவைத்து எல்லாரும் உள்ளே வந்தார்கள், தொண்ணூற்று மூன்று வீடும் உள்ளே. தில்லைநாயகி தரையில் உட்கார்ந்து, பேப்பரை இரண்டு தடவை படித்து, கோடு போட்டு, வெட்டி, எழுதினாள். அவள் கையெழுத்து முதல் தடவையாகக் கோணிக்கொண்டு போயிற்று. கை நசுங்கியது என்ற இடம் வந்ததும் பேனா நின்றது. சந்தோஷம்தானே, தில்லை, நீ கேட்டதுதானே, வாங்கிக்கொள்ளேன் என்று உள்ளே ஒரு குரல், அவள் குரல்தான், வேறு யாருடையதும் இல்லை. அவள் எழுதி முற்றுப்புள்ளி வைத்தாள். அன்வர்தீன் இரண்டு தடவை எண்ணினார். "மூணுல ஒண்ணு. சரியா இருக்கு" என்றார்.

அப்புறம் காத்திருப்பு. எல்லாரும் கரைக்குப் போனார்கள், தில்லைநாயகியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் முன்னால் நிறுத்தினார்கள், அது மரியாதையா காவலா என்று தெரியவில்லை. மத்தியானம் கழிந்தது. நொறுங்கிய படகுகள் நொறுங்கியபடி மணலில் கிடந்தன. அவள் தனக்குள் தேடித் தேடிப் பார்த்தாள், வலிக்கிறதா என்று. பயம் இருந்தது, வெட்கம் இருந்தது, அந்த ஊசிமுனை அப்பாடாவும் இருந்த இடத்திலேயே இருந்தது, வலி மட்டும் எது என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. எனக்குத்தான் கல் மனசாயிற்றே, வலிக்காதே, வலிக்காதே என்று அவள் வாய் முணுமுணுத்தது, பூரணி அதைக் காதில் வாங்கிக்கொண்டு நின்றாள்.

பொழுது சாய்கிற நேரத்துக்கு, விளக்கு வைக்க இன்னும் கொஞ்சம் இருக்கும்போது, நாற்பத்திரண்டு படகும் வரிசையாக, கட்டுக்கயிறு உட்பட, மணலில் நின்றன. எப்போது நின்றன என்று யாரும் பார்க்கவில்லை. அப்புறம் கிழக்கே எஞ்சின் சத்தம் கேட்டது. நான்கு பேர் கரையிறங்கி, லுங்கியைப் பிழிந்துகொண்டு, ஏன் இவ்வளவு கூட்டம், என்ன விசேஷம் என்று கேட்டார்கள், பூரணியின் புருஷன், "பசி உயிர் போவுது, என்னா கொழம்பு?" என்றார். பூரணி அவரை விட்டுவிட்டுத் திரும்பி வந்து தில்லைநாயகியின் காலில் தடாலென்று விழுந்தாள். யாரோ தில்லைநாயகியைத் தோளில் தூக்கினார்கள். தில்லைத்தாயி, தில்லைத்தாயி என்று கரை முழுக்கக் கத்தியது. வருஷக்கணக்காக அவள் எதற்கு ஏங்கினாளோ அது மொத்தமும் ஒரே நேரத்தில் வந்து விழுந்தது, சிதறாமல், குறையாமல்.

அவள் திமிறி இறங்கி, சேலையைக் காலில் சுற்றிக்கொண்டு, பாதுகாப்பு மையத்துக்கு ஓடினாள். கூடத்தில் சந்தனமாரி மட்டும் பாயில் இருந்தாள்.

"வந்துட்டாங்களா?"

"வந்துட்டாங்க. ஒன் வூட்டுக்காரர் வந்துட்டாரு. எல்லாம் வந்துடுச்சு."

சந்தனமாரி கண்ணை மூடித் திறந்தாள். கன்னத்தில் தண்ணீர் வழிய, மெதுவாக, நம்பமுடியாத ஒன்றைத் தொட்டுப் பார்ப்பவளாகச் சொன்னாள்: "அப்ப ஒனக்கு வலிச்சிருக்குக்கா."

"வலிக்காம?" என்று தில்லைநாயகி கத்தினாள். அந்த வீட்டுக்கு வந்த இத்தனை வருஷத்தில் அந்த மாதிரி அவள் கத்தியதில்லை. வயிற்றில் அறைந்துகொண்டு அப்படியே பாயில் சரிந்தாள். "வலிக்காம என்னாடி? நாளைக்கு எந்திரிச்சா நான் யாரப் பாத்துடி எரிவேன்? இந்த ஊர்ல எனக்கு வேற யாரு இருக்கா, எரியறதுக்கு?"

வெளியே ஜனங்கள் அவள் பெயரைச் சொல்லிக் கத்துவது கேட்டுக்கொண்டே இருந்தது. சந்தனமாரி இடது கையால் அவள் தலையைத் தடவினாள், பழக்கமில்லாத கை, தடவல் கோணல்மாணலாக இருந்தது.

"இந்தக் கை இருக்குல்லக்கா. இதால எழுதக் கத்துக்கறேன்."

தில்லைநாயகி முகத்தைத் தூக்கவில்லை. அந்த இடது மணிக்கட்டை எட்டி இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"கத்துக்கோ" என்றாள். "சீக்கிரம் கத்துக்கோடி, பாவி."